கடற்கரைக்காரர்களுக்கு ஒரு நாள் மலைநடை: புதுச்சேரி, கடலூரிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் மலை கிடையாது. கடலூர்க்காரர்கள் "எங்களுக்குக் கேப்பர் மலை இருக்கே" என்பார்கள். அது பெயருக்குத்தான் மலை. செம்மண் மேடு, மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். நமக்கெல்லாம் மலை என்றால் ஏற்காடு, ஊட்டி. அங்கே வண்டியே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். காலால் ஏறி, காலால் இறங்கி, அன்றைக்கே வீடு திரும்புவது வேறு வேலை.

தெரிந்தவர்கள், அவர்களுடைய மச்சான்கள், ஆபீஸ் ஆட்கள் என்று சின்னச் சின்னக் குழுவாகச் செஞ்சிக்கும் கல்வராயன்மலைக்கும் போய் வந்திருக்கிறேன். நடக்க முடியாமல் திண்டாடியவர்களைவிட, நேரத்தைக் கணக்குப் போடாமல் திண்டாடியவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். முதல் முறை நானும் அவர்களில் ஒருவன். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். இரண்டாவது முடியாமல் நான்காவதற்குப் போனால் காசு போகும்.

1. முதலில் மாதம், பிறகுதான் மலை

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான் நம் பக்கத்து மலைகளுக்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் மிச்சம் இருக்கும், மதிய வெயிலும் தாங்கும்படி இருக்கும்.

அக்டோபர், நவம்பர் வேண்டாம். புயல் கரையைக் கடந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று கடலோரத்தில் நினைத்துப் பழகிவிட்டோம். மலையில் கதை வேறு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து வீடுகளை மூடியது. ஊறிய மண் மெதுவாகத்தான் இறுகும். பெருமழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

மார்ச் முதல் மே வரை வெயிலோடு காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. இந்தப் பருவத்தில் வனத்துறை தடங்களை மூடுவது அதற்காகத்தான்.

தேதி குறிக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். செஞ்சிக்குப் போவதானால் பௌர்ணமியைத் தவிருங்கள். கிரிவலக் கூட்டம் முழுக்க அந்தச் சாலையில்தான் திருவண்ணாமலைக்குப் போகும். பொங்கல் வாரத்தையும், முக்கியமாகக் காணும் பொங்கலையும், விட்டுவிடுங்கள். சனிக்கிழமை போங்கள். ஞாயிறு காலை மாடிப்படி இறங்கும்போது ஏன் சொன்னேன் என்று தெரியும்.

2. இரண்டு மலை தேர்ந்தெடுங்கள்

ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று உண்மையான நடைக்கு. இதுவரை ஏறாதவர்களை நேராகக் காட்டுமலைக்குக் கூட்டிப்போவது, நீச்சல் தெரியாதவரை வீராம்பட்டினம் கடலில் இறக்குவது மாதிரி.

ஒத்திகைக்குச் செஞ்சி ராஜகிரி. புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 240 மீட்டர், படிகள் உண்டு, டிக்கெட் கொடுக்க ஆள் உண்டு, பக்கத்தில் ஊர் உண்டு. ஒருவர் பாதியில் உட்கார்ந்துவிட்டாலும் பெரிய சிக்கல் இல்லை. நுழைவு நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, கதவு திறந்ததும் உள்ளே போகும் முதல் குழுவாக இருங்கள். ஒன்பதரைக்குமேல் அந்தக் கருங்கல் சூடேற ஆரம்பித்துவிடும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் ஏறவும் விடமாட்டார்கள்.

உண்மையான நடைக்கு நான் சொல்வது கல்வராயன்மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை வரும். கோடை விழா நாட்களை விட்டால் கூட்டம் குறைவு. சாமை வயலும் மரவள்ளிக் கொல்லையும் கடுக்காய் மரமுமாக ஊர்கள். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை.

"கூட்டம் இல்லாத இடம்" என்று ஆசையாகக் கேட்பவர்களிடம் அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவேன். கூட்டம் இல்லை என்றால் கடை இல்லை, கழிப்பறை இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை, தூக்கிவிட ஆள் இல்லை. அங்கே வேண்டியதெல்லாம் உங்கள் முதுகில்தான் வர வேண்டும். இந்த வழிகாட்டி இவ்வளவு நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

3. காசு வசூலிக்கும் முன் அனுமதி

வரிசை தவறுகிற இடம் இதுதான். வாட்ஸாப் குழு ஆரம்பித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, வேனுக்கு முன்பணம் கொடுத்து, கடைசி வாரத்தில் வனத்துறைக்குப் போன் செய்வார்கள். "அந்தத் தடம் மூடியிருக்குங்க" என்று பதில் வந்தால் கதை முடிந்தது.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். யூடியூபில் ஒருவர் போனார் என்பது அனுமதி ஆகாது. அவர் பிறகு அபராதம் கட்டினாரா என்பது வீடியோவில் வராது.

இரண்டு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பட்டியலிட்ட தடங்களுக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம், கூட வழிகாட்டியும் வருவார். மற்ற இடங்களுக்கு அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தையோ மாவட்ட வன அலுவலர் அலுவலகத்தையோ கேட்க வேண்டும். மூன்று வாரம் முன்னதாகப் போன் செய்யுங்கள். கடிதத்தில் பெயர், வயது, போன் எண், அடையாள அட்டை நகல், வண்டி எண், தேதி, போகும் இடம், உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம் எல்லாம் இருக்கட்டும். கடைசி இரண்டையும் எழுதாமல் விடுபவர்கள் அதிகம். நீங்கள் வரவில்லை என்று யாராவது தேட ஆரம்பிக்க வேண்டுமானால் அந்த இரண்டு நேரமும்தான் ஆதாரம்.

அனுமதி கிடைத்ததும் கூட வரப்போகிற வனக்காவலரிடமோ ஊர் வழிகாட்டியிடமோ போனில் பேசுங்கள். வழியில் எங்கே தண்ணீர் இருக்கிறது, கடைசியாகச் சிக்னல் கிடைப்பது எங்கே, மழை வந்தால் கடக்க முடியாத ஓடை எது, சமீபத்தில் கரடி, காட்டுப்பன்றி நடமாட்டம் உண்டா: இந்த நான்கையும் கேளுங்கள். "போக எவ்வளவு நேரம் ஆகும்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தன் கால் கணக்கில் "அரை மணி நேரம் சார்" என்பார். நமக்கு அது ஒன்றரை மணி நேரம்.

4. எட்டுப் பேர் போதும்

எட்டுக்குமேல் போனால் முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் கண் தொடர்பு அறுந்துவிடும். எட்டுப் பேர் என்றால் ஒரே வேனில் அடங்கும், ஒரு காவலரால் கவனிக்கவும் முடியும்.

உடல்நிலையைக் குழுவில் கேட்காதீர்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் யாரும் "எனக்கு ஆஸ்துமா" என்று எழுத மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போட்டு மூட்டு வலி, ரத்த அழுத்தம், சர்க்கரை, இழுப்பு, தேனீ கொட்டினால் உடம்பு வீங்குமா என்று கேளுங்கள். ஒரு முறை, சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஓர் அண்ணன் "வெறும் வயிற்றில் ஏறினால் லேசாக இருக்கும்" என்று காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இட்லியைத் தவிர்த்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் கை நடுங்கி, வேர்த்து, பேச்சுக் குழறியது. பையில் இருந்த கடலை மிட்டாயும் குளுக்கோஸும்தான் காப்பாற்றின. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இட்லி சாப்பிட வைத்துத்தான் வண்டியை விட்டு இறக்கியிருப்பேன்.

5. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் பேப்பர், பேனாவோடு படியுங்கள்.

எல்லோரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்" என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் "எத்தனை மணிக்கு அடிவாரத்தில் வண்டி பக்கத்தில் நிற்க வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். நான் வைத்துக்கொள்வது மதியம் 1.30. ஜனவரியில் ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். ஆனால் நான் பயப்படுவது இருட்டுக்கு மட்டும் இல்லை. மலைப்பாதையை வெளிச்சத்தில் இறங்க வேண்டும், டிரைவர் தூங்கி வழியாமல் நம்மை வீடு சேர்க்க வேண்டும். மழைக்காலத்தை ஒட்டிய நாட்களில் இடி வருவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான்.

அடுத்து நடை நேரம். மலை ஏறுபவர்கள் பயன்படுத்தும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். அது பழகிய காலுக்கு, குளிர்ந்த நாட்டுக்குப் போட்ட கணக்கு. நம் வெயிலுக்கும் நம் காலுக்கும் ஒன்றரை மடங்கு ஆக்குங்கள்.

போய்வர 8 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோமீட்டருக்கு 96 நிமிடம். 400 மீட்டருக்கு 40 நிமிடம். மொத்தம் 136, ஒன்றரை மடங்கு 204 நிமிடம். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிட ஓய்வு, அது 30. உட்கார்ந்து சாப்பிட 40. ஆக 274 நிமிடம், சுமார் நாலே முக்கால் மணி நேரம். அதன்மேல் ஒரு மணி நேரம் உபரி. கால் பிசகினால், ஷூ கிழிந்தால், யாராவது போட்டோவுக்கு நின்றால் அது போய்விடும்.

மதியம் 1.30-லிருந்து ஐந்தே முக்கால் மணி நேரம் பின்னால் போனால் காலை 7.45-க்கு முதல் அடி வைக்க வேண்டும். அடிவாரத்தில் பதிவு, பேச்சு அரை மணி. 7.15-க்கு அங்கே இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன்மலை சுமார் 150 கிலோமீட்டர். மலைப்பாதையையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் போடுங்கள். வழியில் டீக்கும் கழிப்பறைக்கும் அரை மணி. அப்படியானால் அதிகாலை 3.15-க்கு வண்டி நகர வேண்டும்.

மூன்றே கால் என்றதும் முகம் சுளிப்பார்கள். "அஞ்சு மணிக்குக் கிளம்பினா என்ன குறைஞ்சு போச்சுண்ணே?" என்று ஒரு தம்பி கட்டாயம் கேட்பான். என் முதல் பயணத்தில் அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டேன். ஐந்து என்று சொல்லி ஐந்தரைக்குக் கிளம்பினோம். விழுப்புரத்தில் ஓர் ஓட்டலில் பதினான்கு பேருக்கும் நெய் தோசை வந்து சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. நடக்க ஆரம்பிக்கும்போது மணி பதினொன்றரை. உச்சியைப் பார்க்காமல், பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து புளிசோற்றைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம். மூன்றே கால் முடியாது என்றால் முந்தின இரவே கள்ளக்குறிச்சியில் ரூம் போடுங்கள்.

கடலூரிலிருந்து வருபவர்கள் பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாக வந்தாலும் இதே கணக்குத்தான், பெரிய வித்தியாசம் வராது.

கடைசியாக, திரும்பும் நேரம் ஒன்றை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். மேலே சொன்ன கணக்குக்குப் பகல் 11. அந்த நேரத்தில் உச்சி கண்ணுக்கெதிரே இருநூறு மீட்டரில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். இதை வீட்டிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்; மேலே போனபிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

6. நான்கு வாரம் படி ஏறுங்கள், இறங்குங்கள்

கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கிறேன் என்பது நல்ல பழக்கம். ஆனால் அது சமதளம். மலைக்கு வேண்டிய தொடைச் சதை அதில் வளராது.

வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் மாடிப்படி. இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டால் நான்கு கிலோ. மலையில் தூக்கப்போகும் எடைக்கு அருகில் வந்துவிடும். பெரும்பாலானோர் படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது இறக்கம்தான். உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே சதை நீள வேண்டியிருக்கும், அதற்குத்தான் பழக்கம் தேவை.

கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரம் இருக்கிறது. ஔஷதகிரி மேலே ஹயக்ரீவரைப் பார்க்க 74 படிகள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில், சாமி கும்பிட வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நாலைந்து முறை ஏறி இறங்கினால் புண்ணியத்துக்குப் புண்ணியம்.

மூன்றாவது வாரக் கடைசியில் ராஜகிரி ஒத்திகை. அங்கே யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். ஐந்தாம் படியில் போட்ட கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள்.

7. பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஷூவை முந்தின நாள் வாங்காதீர்கள். மூன்று வாரமாவது அதைப் போட்டுக்கொண்டு படி ஏறியிருக்க வேண்டும். மாலையில் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். காலுறையோடு போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகத்தில் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் வேண்டும். தேய்ந்த ஜாகிங் ஷூ பாறைப் பொடிக்கல்லில் கோலிக்குண்டு மேல் நிற்பது போல் வழுக்கும்.

நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் ஷூவின் மூக்கில் இடிக்கும். அப்போது லேசாகத்தான் வலிக்கும். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது நகத்தின் அடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருக்கும். எனக்கு அந்த நகம் விழுந்து மறுபடி முளைக்க ஏழு மாதம் ஆனது. முந்தின இரவே வெட்டினாலும் தப்பு. ஒட்ட வெட்டிய ஓரம் நாள் முழுக்கக் குத்தும்.

காலுறை இரண்டு ஜோடி. குதிகால் உரசிச் சூடாக இருப்பது போல் தோன்றிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பயன் இல்லை. "குழுவை நிறுத்த வேண்டாமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்தான் கடைசியில் குழுவை ஒரு மணி நேரம் நிறுத்துவார்.

ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் எடை கூடும், முட்டியில் பிடிக்கும். முழுக்கை, முழுக்கால் துணி, தொப்பி, கழுத்துக்கு ஒரு துண்டு. துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டால் வெயில் பாதி குறையும்.

8. தண்ணீரும் கட்டுச்சோறும்

ஆளுக்கு மூன்று லிட்டர். மணிக்கு அரை லிட்டர் நடைக்கு, மீதி உபரி. தாகம் எடுத்தபின் மொத்தமாகக் குடிக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலு மடக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. தலை சுற்றும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு இரண்டு. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அதைவிடக் கூடக் கூடாது.

ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். மேலே மாடு மேய்கிறது.

காலை ஆறு மணிக்கு வண்டியிலேயே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ஓட்டல் நிறுத்தம் இல்லை, நேரமும் மிச்சம். மதியத்துக்குப் புளிசோறு. தேங்காய் போட்டது எதுவும் வெயிலில் நிற்காது. இடையில் கொறிக்கப் பண்ருட்டி முந்திரி, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். வாழைப்பழத்தைப் பையில் போட்டால் மேலே போகும்போது பஞ்சாமிர்தம்தான்.

பிளாஸ்டிக் பை, மெல்லிய பாட்டில் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கிவைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் டப்பா, வாழையிலை, துணிப்பை. இலையையும் தோலையும் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். "மக்கிடும்" என்று போட்டால் குரங்கும் பன்றியும் அந்த இடத்துக்குப் பழகிவிடும்.

9. பையில் மற்றவை

டார்ச், விசில், மழைக்கோட்டு, கத்தி. தீப்பெட்டி கூடவே கூடாது. பிளாஸ்திரி, பேண்டேஜ் துணி, வழக்கமான மாத்திரைகள், பவர் பேங்க், அடையாள அட்டை. பை எட்டில் ஒரு பங்கு உடல் எடையைத் தாண்ட வேண்டாம். விசிலை எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட், வாசனை ஸ்ப்ரே வீட்டிலேயே இருக்கட்டும். காரணம் கீழே வருகிறது.

10. வண்டி

டிரைவரோடு வேன் எடுங்கள். நாமே மாற்றி மாற்றி ஓட்டலாம் என்பது மூன்றே காலுக்கு எழுந்து, ஐந்து மணி நேரம் நடந்தவர் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிப்பதில் முடியும். நாம் நடக்கும்போது டிரைவர் தூங்கட்டும். அவருடைய சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள்.

பெட்ரோல், டீசலைப் புதுச்சேரியிலேயே நிரப்புங்கள். விலையும் குறைவு, மலைமேல் பங்க் தேட வேண்டியதும் இல்லை.

சொல்லாமல் விட முடியாத ஒன்று: புதுச்சேரி வண்டி என்றாலே எல்லையில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். கல்வராயன்மலைப் பக்கம் சாராயச் சோதனை இன்னும் கெடுபிடி. யாராவது ஒருவர் பையில் ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருந்தாலும் எட்டுப் பேரின் நாளும் காவல் நிலையத்தில் போகும். வண்டி ஏறும் முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள்.

11. அடிவாரத்தில் பதினைந்து நிமிடம்

இறங்கியதும் ஓட விடாதீர்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கு "7.45-க்கு ஆரம்பிக்கிறோம், 2.30-க்குள் போன் வரும், வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு" என்று வனச்சரக அலுவலக எண்ணோடு மெசேஜ் அனுப்புங்கள். சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலேயே இதை முடித்துவிட வேண்டும்.

பிறகு இடம் பிரியுங்கள். முன்னால் வழிகாட்டி, அவருக்கு அடுத்து குழுவிலேயே மெதுவாக நடப்பவர், கடைசியில் பழகிய ஒருவர். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து முடிக்கும்போதுதான் அவர் வந்து சேருவார். வந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது.

12. ஏறும்போது

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வார்த்தை பாதியில் நின்றால் வேகம் அதிகம். முதல் இருபது நிமிடத்தை வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். அப்போது காட்டும் வீரத்துக்குப் பத்து மணிக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கடைசி ஆள் வந்தபிறகு நகருங்கள். திரும்பிப் பின்னால் ஒரு முறை பாருங்கள். இறங்கும்போது அந்த இடம் அப்படித்தான் தெரியும். இதைச் செய்யாதவர்கள்தான் இறக்கத்தில் மாட்டுத்தடத்தை வழி என்று நினைத்துப் போய்விடுகிறார்கள்.

பாட்டுப்பெட்டி வேண்டாம். அமைதியைத் தேடி வந்த இடத்தில் அதை நாமே கெடுக்க வேண்டாம் என்பது ஒன்று. புதரில் கரடியோ பன்றியோ நகர்ந்தால் காதில் விழ வேண்டும் என்பது இன்னொன்று.

13. தேனீ, பாம்பு, குரங்கு, இடி

நான் உண்மையில் பயப்படுவது மலைத்தேனீக்கு. துருத்திக்கொண்டிருக்கும் பாறையின் அடியில் கரும்பலகை மாதிரி தொங்கும். ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கருமையின் மேல் ஒரு அலை ஓடியது, நெல்வயலில் காற்று போவது போல. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் வயிற்றைத் தூக்கி இறக்குவதுதான் அந்த அலை. அழகாக இருக்கும், ஆனால் அது "நெருங்காதே" என்கிற எச்சரிக்கை. சத்தமில்லாமல் வந்த வழியே விலகிவிடுங்கள். சென்ட் வாசனை, புகை, கல்லெறி மூன்றும் ஆகாது. கிளம்பிவிட்டால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று அடிக்காதீர்கள். ஓடித் தப்பியபிறகு கொடுக்குகளை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். முகம், நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

பாம்புக்கு ஒரே விதி: பார்க்காத இடத்தில் கை, கால் வைக்காதீர்கள். பாறை இடுக்கில் சுருட்டை விரியன் இலைச் சருகு நிறத்தில் கிடக்கும். கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலைக் கம்பு வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐச் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து கூப்பிட்டுப் பாதி வழியில் சந்திக்கலாம்.

குரங்கு செஞ்சியில்தான் தொல்லை. கையில் கேரிபேக் தெரிந்தால் பிடுங்கிவிடும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், கடிபட்டு வெறிநாய்க்கடி ஊசி போடுவதைவிடப் புளிசோறு போவது மேல்.

இடி கேட்டால் வெறும் பாறையிலிருந்தும் ஒற்றை மரத்தடியிலிருந்தும் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குந்துங்கள்.

14. இறக்கம்

கிளம்பும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். நகத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

சின்னச் சின்ன அடி, முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் பாதத்தின் பிடிமானம் போய் உட்கார்ந்தபடி சறுக்குவீர்கள். எடை பாதத்தின் நேர் மேலே இருக்கட்டும். பாறை மேல் பொடிக்கல் கிடந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு மூங்கில் கம்பு இருந்தால் முட்டி வாழ்த்தும்.

கவனம் குறைவது கடைசி அரை மணி நேரத்தில்தான். வண்டி கண்ணில் பட்டதும் பேச்சு, சிரிப்பு, ஓட்டம். நான் பார்த்த கணுக்கால் பிசகல்கள் எல்லாம் வண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தவை. கடைசி அரை மணிக்கு முன் ஒரு நிறுத்தம் போட்டு, எல்லோரையும் உட்கார வைத்து, மிச்சம் இருக்கும் கடலை மிட்டாயைக் கொடுங்கள்.

15. வீட்டுக்கு வந்தபின்

ஊரில் காத்திருக்கும் ஆளுக்குப் போன் செய்யுங்கள். சிரித்துக்கொண்டே மறந்துவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போனபிறகு அசடு வழிந்தவர்கள் உண்டு.

போட்டிருந்த துணியைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முட்டிக்குப் பின்புறம், காதுக்குப் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புல்லில் உட்கார்ந்தவர்களுக்குக் கட்டாயம் இது வேண்டும்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் நம் பக்கத்தில் இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். நீங்கள் மலை ஏறியதைச் சொல்லாவிட்டால், புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும்.